எந்த வில் வாங்கலாம் என்று கேட்டாயே

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று வில்களின் படங்களையும் அப்பாவும் நானும் பார்த்தோம். அந்த 50 பவுண்டு யூ மர லாங்போதான், அந்த நீளமான மர வில்தான், உனக்குப் பிடித்திருக்கிறது என்று நீ சொல்லாமலே தெரிகிறது. மற்ற இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, அதைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி எழுதியிருக்கிறாய். அழகான வில்தான். ஆனால் இப்போது அதை வாங்காதே. காரணத்தைப் போனில் சொன்னால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வில்லின் மேல் எழுதியிருக்கும் எண். '50 @ 28' என்றால், நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க 50 பவுண்டு பலம் வேண்டும் என்று அர்த்தம். இதைத்தான் வில்லின் எடை என்கிறோம். நீ 28 அங்குலம் இழுக்க மாட்டாய். உன் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அதை இரண்டரையால் வகுத்தால் இருபத்தைந்தரை அங்குலம் சொச்சம் வரும். இது தோராயக் கணக்கு. சரியான அளவு வேண்டுமென்றால் கிளப்பில் இருக்கிற மிக லேசான வில் ஒன்றையும், அங்குலம் குறித்த நீளமான அம்பு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள். கொஞ்சம் அம்பு விட்டுத் தோள் சூடான பிறகு, வழக்கம்போல உதட்டோரம் வரை இழு. பக்கத்தில் ஒருவர் நின்று, அம்பு வில்லைத் தாண்டும் இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நீயே குனிந்து பார்த்தால் உடம்பு கோணி அளவு தப்பிவிடும். சில தடவை எடுத்து, திரும்பத் திரும்ப வருகிற எண்ணை எழுதி வை. வில் செய்பவர் உன்னிடம் கேட்கப்போகிற முதல் கேள்வி அதுதான். அதைக் கேட்காமல் வில்லை நீட்டுகிறவரிடம் வாங்கவே வாங்காதே.

இந்த எடையில் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும் என்று வைத்துக்கொள். அப்படியானால் அந்த 50 பவுண்டு வில் உன் கையில் 45 பவுண்டு. 'அப்போ சரிதானே அம்மா' என்பாய். சரியில்லை. ஆறடி நீளத்தில், 28 அங்குல இழுப்புக்குச் சீவிய வில்லை இருபத்தைந்தரையில் நிறுத்தினால் அது முழுசாக வேலை செய்யாது. நீளத்தையும் கனத்தையும் நீ சுமப்பாய், அதற்கு ஈடான வேகம் அம்புக்கு வராது. உன் இழுப்புக்கு 66 அங்குலத்தை ஒட்டிய வில் போதும். போட்டி விதியும் இடம் கொடுக்கிறது. அம்பு 27 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் வில் ஐந்தடிக்குக் குறையக் கூடாது, 27 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தரை அடிக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான் விதி.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மறந்துவிடாதே. 26 அங்குலத்துக்குச் செய்த வில்லை நீளக் கைக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கி 29 வரை இழுத்தால் அது அவர் கையிலேயே முறியலாம். பிறர் வில்லைத் தொடுவதற்கு முன் எத்தனை அங்குலம் வரை இழுக்கலாம் என்று கேட்பதும், அம்பு இல்லாமல் நாணை விடாமல் இருப்பதும் மரியாதைக்காக மட்டும் சொன்னது இல்லை.

அடுத்தது எடை. காம்பவுண்ட் வில்லில் சக்கரம் இருப்பதால் முழு இழுப்பில் சுமை இறங்கிவிடும். நம் லாங்போவில் இழுக்க இழுக்க ஏறிக்கொண்டேதான் போகும். கடையில் ஒரு தடவை இழுத்துப் பார்க்கும்போது 45 பவுண்டு உனக்கு ஒன்றுமே இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஹெர்ஃபோர்ட் என்கிற போட்டிச் சுற்றில் 144 அம்பு விட வேண்டும். 80 கஜத்தில் ஆறு டஜன், 60 கஜத்தில் நான்கு டஜன், 50 கஜத்தில் இரண்டு டஜன். 45 பவுண்டு வில்லில் அன்று நீ மொத்தமாக இழுப்பது 6,480 பவுண்டு, கிட்டத்தட்ட மூன்று டன். 35 பவுண்டு வில்லில் 5,040 பவுண்டு, இரண்டேகால் டன் சொச்சம். அறுநூற்றைம்பது கிலோ வித்தியாசம், அத்தனையும் உன் மூன்று விரலிலும் ஒரு தோளிலும். வில்லை எடை போட வேண்டியது அந்தக் கடைசி இரண்டு டஜனில்தான்.

எங்கள் கிளப்பிலும் பார்க்கிறேன். வில் கனமாகிவிட்டால் முகத்துக்கு முன் உடம்பு சொல்லிவிடும். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கித்தான் இழுக்க முடிகிறது. வில் பிடிக்கிற தோள் காது வரை ஏறுகிறது. கை உதட்டோரம் வந்து சேரும் முன்பே விரல் விட்டுவிடுகிறது. அந்த மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அது பழக்கமாகிவிடும். பிறகு லேசான வில்லைக் கொடுத்தாலும் கை பாதியிலேயே விடும். அப்படி ஆனவர்கள் அதிலிருந்து மீண்டு வர வருஷக்கணக்கில் போராடியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உனக்கு அது வேண்டாம், கண்ணு. உன் இழுப்பு நீளத்தில் 32 முதல் 35 பவுண்டுக்குள் வாங்கு. 80 கஜம் எட்டுமா என்று கேட்பாய். எட்டும். குறி வைக்கிற புள்ளி இலக்குக்கு மேலே போகும், அவ்வளவுதான்.

மேரி ரோஸ் என்ற பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த வில்லெல்லாம் 100 பவுண்டுக்கு மேல் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். 1545இல் மூழ்கி 1982இல் மேலே வந்த அந்தக் கப்பலில் முழுசாகக் கிடைத்த வில் மட்டும் 137. 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனித் துண்டு ஒட்டாமலே தனித்து நிற்கிறது. வளர்கிற வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்ததால் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஆட்கள் வில்லோடு வளர்ந்தவர்கள். நீ நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வாரத்தில் இரண்டு நாள் மைதானத்துக்குப் போகிறவள்.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் தர்காஸ்டன் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர் ஹியூ லாட்டிமர். பிறகு பிஷப் ஆகி, 1555இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரிக்கப்பட்டவர். 1549இல் சிறுவன் அரசன் ஆறாம் எட்வர்டின் முன் பிரசங்கம் செய்தபோது, தன் அப்பா வில் கற்றுக்கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார். கைப்பலத்தால் இழுக்காமல் உடம்பை வில்லுக்குள் கொடுத்து இழுக்கச் சொன்னாராம் அப்பா. வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்தான் வாங்கிக்கொடுத்தாராம். பிள்ளை வளர வளர வில்லும் பெரிதாகிக்கொண்டே போனதாம். எனக்கு அந்த அப்பாவை ரொம்பப் பிடிக்கும். கனமான வில்லுக்குப் பேர்போன அந்தக் காலத்திலேயே ஒரு விவசாயி வீட்டில் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இனி மரம். யூ மரத்தில் ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிப்பக்க வெள்ளை மரம் இழுவைத் தாங்கும், உள்ளே இருக்கிற சிவந்த வைர மரம் அமுக்கத்தைத் தாங்கும். வெள்ளை இலக்கைப் பார்க்க (அது வில்லின் முதுகு), சிவப்பு உன்னைப் பார்க்க (அது வயிறு), ஒரே கட்டையில் இரண்டும் தானாகவே அமைந்திருக்கும். இங்கிலாந்தில் நல்ல யூ போதாமல் போய், கப்பலில் வரும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டை கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே போட்டார்கள். ஆனால் ஒரே கட்டையில் செய்த நல்ல யூ வில், ஒட்டுமர வில்லைப்போலப் பல மடங்கு விலை. சூட்டில் தளர்கிற மரமும்கூட. உன் தோளின் பலம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத நேரத்தில் அவ்வளவு பணத்தை ஒரே எடையில் போடாதே. ஹிக்கரி மரத்தில் முதுகும் லெமன்வுட் மரத்தில் வயிறும் வைத்து ஒட்டிய வில், அல்லது மூங்கில் முதுகு வைத்தது, முதல் வில்லுக்கு அருமையாக இருக்கும். ஹிக்கரி இழுவைத் தாங்குவதில் கெட்டி. சின்னச் சின்ன அலட்சியங்களைப் பொறுத்துக்கொள்ளும். பலம் கூடியபின் விற்கவும் சுலபம்.

வில்லைக் கையில் வாங்கியதும் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாணேற்றாமல் முதலில் முதுகுப் பக்கத்தில் கட்டைவிரலை நுனியிலிருந்து நுனி வரை மெதுவாக ஓட்டு. எங்காவது சிலும்பு தட்டினால் அங்கேயே கீழே வைத்துவிடு. அப்புறம் வயிற்றுப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். குறுக்காக, நகக்கீறல்போல மெல்லிய வரிகள் தெரிந்தால் அமுக்கத்தில் மர நார் நசுங்கியிருக்கிறது. பழைய வில்லில் இது அடிக்கடி இருக்கும், மெருகு எண்ணெய் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சாய்த்துப் பார்ப்பது முக்கியம். இரண்டு முனையிலும் நாண் மாட்டுவதற்கு இருக்கும் கொம்புத் தொப்பியை லேசாகத் திருகிப் பார், அசையக் கூடாது.

பிறகு விற்பவரையே நாணேற்றச் சொல். ஒரு முனையிலிருந்து கண்ணை நாணோடு வைத்துப் பார்த்தால் நாண் கைப்பிடியின் நடுவில் ஓட வேண்டும். கைப்பிடியில் மூடிய கையை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நுனி நாணை ஒட்டி வர வேண்டும். உன் கை சின்னது, கொஞ்சம் இடைவெளி இருந்தால் பரவாயில்லை. கடைசியாக வேறு யாரையாவது இழுக்கச் சொல்லி நீ நான்கு எட்டு தள்ளி நின்று வளைவைப் பார். மேலும் கீழும் சீராக வளைய வேண்டும். கீழ்ப்பாதி ஒரு மயிரிழை விறைப்பாக இருப்பது முறைதான். ஓர் இடத்தில் மட்டும் மடங்கி, மற்ற இடம் நேராக நின்றால் அந்த வில் மடங்குகிற இடத்தில் ஒருநாள் போய்விடும். நாண் கழற்றியபின் வில் உன் பக்கமாக ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வளைந்து நிற்பது இயல்பு. மூன்றுக்கு மேல் என்றால் அது களைத்துப்போன வில். வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், அங்கேயே சில டஜன் அம்பு விடக் கேள். நல்ல வில்காரர் யாரும் மறுக்க மாட்டார். அம்பு போனதும் பிடித்த கையில் எவ்வளவு உதறல் வருகிறது என்று கவனி. லாங்போவில் கொஞ்சம் வரத்தான் செய்யும். முழங்கை வரை ஏறினால் அந்த வில்லோடு உனக்கு ஒத்துவராது.

நீ இடது கைக்காரி என்பதை முதலிலேயே சொல்லிவிடு. நம் வில்லில் அம்பு உட்காரத் தனி மேடை வெட்டுவதில்லை, விரல் முட்டியின் மேல்தான் ஓடும். அதனால் எந்தக் கைக்கும் ஆகும் என்பார்கள். ஆனால் அம்பு உரசுகிற இடத்தில் பதிக்கும் சிப்பித் தகடு உனக்கு வலப்பக்கம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் மரம் தேய்ந்துவிடும்.

கையில் இருக்கிற காசு முழுவதையும் வில்லில் போட்டுவிடாதே. அம்புக்கு என்று தனியாக எடுத்து வை. மர அம்பின் விறைப்பு வில்லின் எடைக்குப் பொருந்தவேண்டும், ஏனென்றால் அம்பு வில்லைச் சுற்றி வளைந்துதான் வெளியே போகிறது. விறைப்பு கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். நல்ல வில்லில் பொருந்தாத அம்பு வைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வில் முடிவான பிறகுதான் அம்பு வாங்கு, ஒரே விறைப்பில் ஒரு டஜன். அம்பின் எடையும் ரொம்பக் குறையக் கூடாது, வில்லின் ஒரு பவுண்டுக்குப் பத்து கிரெயின் (அம்பை நிறுக்கும் சின்ன அளவு) என்று பார்த்தால் 35 பவுண்டு வில்லுக்கு 350 கிரெயின்.

கழற்றி மாட்டுகிற மர ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். கெட்ட யோசனை இல்லை. பிடி ஒன்று, வில்லின் மேல், கீழ்க் கைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பலம் கூடக் கூட ஐந்து பவுண்டு ஏற்றிக்கொள்ளலாம். லாங்போ பிரிவில் அதோடு போட்டியிட முடியாது. உனக்கு லாங்போதான் வேண்டும் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது, அதனால் அதையே வாங்கு.

ஈஸ்டருக்கு நீ வரும்போது என்னுடைய 32 பவுண்டு வில்லை எடுத்துப் போய்க் கோடை முழுவதும் விடு. என் இழுப்பும் உன்னுடையதும் ஏறக்குறைய ஒன்றுதான், பயமில்லாமல் இழுக்கலாம். சிப்பித் தகடு மட்டும் உனக்கு மறுபக்கம், அந்த இடத்தில் ஒரு தோல் துண்டு ஒட்டித் தருகிறேன். 144 அம்புக்குப் பிறகும் தோள் கீழேயே நின்றால் செப்டம்பரில் 35க்குச் சொல்லிவைக்கலாம். உன் அறையில் ஹீட்டருக்கு மேலே மாட்டாதே. நாணைக் கழற்றி, இரண்டு ஆணியில் படுக்கையாக வை.

இழுப்பு நீளம் எடுத்ததும் எனக்கு அனுப்பு. நாண் இழுக்கும்போது விரலுக்குப் போடும் தோல், இடது கைக்கானது ஒன்றை அப்பா பார்சலில் வைத்திருக்கிறார், பருப்புப் பொடிக்குக் கீழே இருக்கும்.

அன்புடன்,
அம்மா