ஷார்ட் கூடினால் விலை விழுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க மின் நிறுவனப் பங்குகளைப் பற்றி வணிகப் பக்கங்களில் வரும் குறிப்புகளில், ஷார்ட் இன்ட்ரஸ்ட் கூடியிருக்கிறது என்ற தகவலோடு, விலை இறங்கப் போகிறது என்ற முடிவும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இத்துறையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அவசர முடிவு.

பங்கைக் கடன் வாங்கி விற்று, பின்னர் வாங்கித் திருப்பித் தருவதே ஷார்ட் விற்பனை, இடையில் விலை இறங்கினால் விற்றவருக்கு லாபம். அப்படிக் கடன் வாங்கி விற்கப்பட்டு, இன்னும் திருப்பித் தரப்படாத பங்குகளின் மொத்தமே ஷார்ட் இன்ட்ரஸ்ட். எத்தனை பங்குகள் விற்கப்பட்டன என்பது இதில் தெரியும், ஏன் விற்றார்கள் என்பது தெரியாது.

விலை இறங்கும் என்று எண்ணாதவர்களும் ஷார்ட் விற்பதுண்டு. உதாரணமாக, அமெரிக்க மின் நிறுவனமான டியூக் எனர்ஜி 2023 ஏப்ரலில், பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களை 4.125 சதவீத வட்டியில் 172.5 கோடி டாலருக்கு வெளியிட்டது. வட்டி விகிதம் உயர்ந்திருந்த அந்த ஆண்டில் சதர்ன் கம்பெனி உள்ளிட்ட வேறு சில மின் நிறுவனங்களும் இவ்வழியையே நாடின. இத்தகைய பத்திரங்களை வாங்கும் ஹெட்ஜ் ஃபண்டுகள் (பெரும் முதலீட்டாளர்களின் பணத்தை நிர்வகிக்கும் நிதியங்கள்), பங்கு விலையின் ஏற்ற இறக்கம் தங்களைத் தாக்காதிருக்க, அதே நிறுவனத்தின் பங்கை ஷார்ட் விற்பது வழக்கம். நிறுவனம் மூழ்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் அல்லர் இவர்கள். அதற்குக் கடன் கொடுத்தவர்களே இவர்கள்தாம். பணத்துக்குப் பதிலாகத் தன் பங்கைக் கொடுத்து ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கும்போதும், வாங்கும் நிறுவனத்தின் பங்கில் இதே போன்ற ஷார்ட் சேரும்.

வெறும் அவநம்பிக்கையால் மின் பங்கை நெடுங்காலம் ஷார்ட்டில் வைத்திருப்பது செலவு பிடிக்கும் வேலை. இடையில் வரும் ஈவுத்தொகையை, பங்கைக் கடன் தந்தவருக்கு ஷார்ட் விற்றவர் தம் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். 80 டாலர் பங்குக்கு 4 சதவீத ஈவுத்தொகை என்றால், ஆண்டுக்கு 3.20 டாலர்.

அவநம்பிக்கை பலித்த இடங்களும் உண்டு. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவில் 85 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பின், அம்மாநில மின் நிறுவனமான பி.ஜி. அண்ட் ஈ. 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. ஆனால் அத்தகைய நெருக்கடியில் ஷார்ட் இன்ட்ரஸ்ட் எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அமெரிக்கப் பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு மாதம் இருமுறைதான் கணக்கெடுக்கிறது, அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தாமதமாகத்தான் வெளிவருகிறது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய்த் தீவுகளின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. 14 அன்று அங்குள்ள மின் நிறுவனமான ஹவாயன் எலெக்ட்ரிக்கின் பங்கு ஒரே நாளில் தன் மதிப்பில் சுமார் மூன்றில் ஒரு பகுதியை இழந்தது. அன்று முதலீட்டாளர் கையில் இருந்ததோ ஜூலை மாத இறுதிக் கணக்கு, அதாவது தீக்கு முந்தைய நிலவரம்.

ஆகவே இந்த எண்ணைப் பிரசுரிக்கும்போது, அது எந்தத் தேதிக் கணக்கு என்பதையும், அந்நிறுவனம் அண்மையில் மாற்றத்தக்க பத்திரம் வெளியிட்டதா, இணைப்பு ஏதும் நடக்கிறதா என்பதையும் ஒரு வரியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்