மாமாவோடு கதை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

உன் நீளமான மெசேஜை ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஃபோனில் கதைத்தால் நீயும் நானும் ஒருவர் சொல்வதை மற்றவர் முடிக்க விடமாட்டோம், அதனால்தான் எழுதுகிறேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று கேட்ட அந்த வாக்கெடுப்புக்கு வருகிற ஜூன் 23-ஆம் திகதியோடு பத்து வருடம். ஒன்றியத்தில் திரும்பச் சேர வேண்டும் என்று கேட்கிற ஊர்வலத்துக்குப் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். போ. 2016-இல் நான் "இருக்க வேண்டும்" என்றுதான் வாக்குப் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் போடுவேன். எனக்கு உறுத்தியது வேறு இரண்டு வரிகள். "உங்கள் ஊர்ச் சனம் முழுக்க இனவாதிகள்" என்பது ஒன்று. வெளியேற வேண்டும் என்று போட்டவர் என்பதால் மாமாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வரமாட்டேன் என்பது மற்றது.

ஊரில் இருந்து தொடங்குகிறேன். லண்டனில் நீ இருக்கிற லாம்பெத்தில் 78.6 வீதம் பேர் இருக்க வேண்டும் என்றார்கள். லிங்கன்ஷையரில் நான் கடை வைத்திருக்கிற பொஸ்டனில் 75.6 வீதம் பேர் வெளியேற வேண்டும் என்றார்கள். நாட்டிலேயே வெளியேறுவதற்கு ஆகக்கூடிய ஆதரவு இங்கேதான். இருப்பதற்கு ஆகக்கூடிய ஆதரவு, ஜிப்ரால்டரை விட்டுவிட்டுப் பார்த்தால், உன் பகுதியில். கிங்ஸ் குரோஸில் ரயில் ஏறி வழியில் மாறினால் அரை நாளுக்குள் வந்து சேர்கிற தூரம்தான். ஆனால் இந்தப் பத்து வருடத்தில் உன் நண்பர்களில் ஒருத்தராவது இந்தப் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. இங்கே என் கடைக்கு வருகிறவர்களும் லாம்பெத் பக்கம் போனதில்லை.

இந்த ஊர் ஐரோப்பாவைக் கண்டு பயந்த ஊர் இல்லை. கடை வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற அந்தப் பெரிய தேவாலயக் கோபுரம், இவர்கள் ஸ்டம்ப் என்று கூப்பிடுவது, நடுக்கால ஆட்டுமயிர் வியாபாரத்தில் செழித்த ஊர் கட்டியது. ஜெர்மன் ஹன்சா வணிகர்கள் இங்கே தங்கியிருந்து கம்பளிக்கான மயிரை வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். ஒரு வணிகக் கூட்டமைப்பின் துறைமுகமாக இருந்துதான் ஊர் பெருத்தது. இதை எனக்குச் சொன்னவரே வெளியேற வேண்டும் என்று வாக்குப் போட்ட ஒரு கிழவர்தான்.

அப்படியென்றால் ஏன் போட்டார்கள்? 2004-க்குப் போக வேண்டும். போலந்து, லித்துவேனியா, லாத்வியா என்று பத்து நாடுகள் அந்த வருடம் ஒன்றியத்தில் சேர்ந்தன. கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் ஆட்களை வேலைக்கு எடுப்பதைப் பழைய உறுப்பு நாடுகள் ஏழு வருடம் வரை தள்ளிப்போடலாம் என்று விதி இருந்தது. ஜெர்மனி தள்ளிப்போட்டது. உடனேயே கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும்தான். வருடத்துக்கு 5,000-இல் இருந்து 13,000 பேர் வரை வருவார்கள் என்பது அரசாங்கம் கையில் வைத்திருந்த மதிப்பீடு. வந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. அவர்கள் எங்கே போனார்கள்? முட்டைக்கோஸும் கோலிஃபிளவரும் உருளைக்கிழங்கும் விளைகிற இந்தத் தாழ்நிலத்துக்கு வந்தார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் இந்தச் சின்ன ஊரின் சனத்தொகை சுமார் 16 வீதம் கூடியது. வாடகை ஏறியது. டொக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளுக்கு ஆசிரியர் போதவில்லை. அதற்கெல்லாம் மேலே இருந்து காசு வந்ததா என்றால், ஊர் வளர்ந்த வேகத்துக்கு வரவில்லை.

காலையில் பேப்பர் வாங்க வருகிற அந்த அம்மா உனக்கு நினைவிருக்கும், உனக்கு எப்போதும் பெப்பர்மிண்ட் வாங்கித் தருவாரே. பதினைந்து வயதில் இருந்து தோட்டங்களில் வேலை செய்தவர். வாக்கெடுப்புக்கு முதல் வாரம் என்னிடம் சொன்னார்: "எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போதுதான் முதல் தரம் கேட்கிறார்கள்." அவர் வெளியேற வேண்டும் என்று போட்டவர். பக்கத்து வீட்டு லித்துவேனியப் பெண்ணுக்குக் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் வாசித்து விளங்கப்படுத்துகிறவரும் அவர்தான். அவரிடம் போய் இனவாதி என்று சொல்ல உனக்கு வாய் வருமா?

இனவாதம் இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை முதல் ஜோ கொக்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினரைத் தெருவில் வைத்துக் கொன்றான் ஒரு வெள்ளை இனவெறியன். அந்த ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான இன, மத வெறிக் குற்றங்கள் முந்திய வருட ஜூலையைவிட 41 வீதம் கூடின. என் கடை வாசலில் நின்றும் ஒருத்தன், "நீ எப்போது மூட்டை கட்டுகிறாய்?" என்று கேட்டான். அவனுக்கு நான் மரியாதை கொடுக்கப் போவதில்லை. ஆனால் 17.4 மில்லியன் பேர் அந்தப் பக்கம் போட்டார்கள், பிள்ளை. எங்கள் பக்கம் 16.1 மில்லியன். அந்த ஒருத்தனின் முகத்தை 17.4 மில்லியன் பேருக்கும் ஒட்டுவது நியாயமில்லை. ஒருவர் செய்ததற்கு ஒரு இனத்தையே குற்றவாளியாகப் பார்க்கிற பழக்கத்தால் பட்டவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை அதைச் செய்யக் கூடாது.

இனி மாமா விஷயம். மாமா ஏன் அப்படிப் போட்டார் என்று நீ அவரிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? அவருடைய கல்யாணத்துக்கு அம்மம்மாவுக்கு விசா கேட்டார்கள். மறுத்தார்கள். திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாதாம். எழுபது வயது மனிசி, ஊரில் வீடும் பனங்காணியும் இருக்கிற மனிசி, இங்கே ஒளித்திருந்து என்ன செய்யப் போகிறார்? பிறகும் கேட்டார்கள், பிறகும் இல்லை. மகன் கட்டின வீட்டைப் பார்க்காமலே அம்மம்மா போய்விட்டார். அதே காலத்தில் மாமாவின் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவ வந்த பொடியன் வார்சாவில் பஸ் ஏறி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்தான். மாமாவுக்கு அந்தப் பொடியனில் கோபம் இல்லை. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார், அவன் கல்யாணத்துக்கும் போனார். வரிசை எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கதை. வெளியேறும் பக்கத்தில் நின்ற அமைச்சர் பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் அப்போது மேடை மேடையாகச் சொன்னதும் அதுதான்: ஐரோப்பாவுக்குத் திறந்த கதவை மூடினால் கறிக் கடைகளுக்கு ஆசியாவில் இருந்து சமையல்காரரை எடுக்கலாம். மாமா நம்பினார்.

அந்த வாக்குறுதிக்கு என்ன நடந்தது என்பதை மாமாவே உனக்குச் சொல்வார், என்னைவிடக் காரமாகவே சொல்வார். 2021-இல் வேலை விசாவுக்குப் புள்ளி முறை வந்தபோது கொஞ்சக் காலம் சமையல்காரரை எடுக்க முடிந்தது. 2024 ஏப்ரலில் அப்படி எடுக்கிறவருக்குக் கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த வருடச் சம்பளத்தை 26,200 பவுணில் இருந்து 38,700-க்கு ஏற்றினார்கள். எந்தச் சின்ன ரெஸ்டோரண்ட் அதைக் கொடுக்கும்? இன்னொரு பக்கம், குடிவரவைக் குறைக்கத்தான் வெளியேறுகிறோம் என்றார்களே, வந்தவர்களில் இருந்து போனவர்களைக் கழித்தால் வருகிற வருடாந்த நிகரக் குடிவரவு 2023-இல் ஒரு கட்டத்தில் 9 இலட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையை இந்த நாடு அதற்கு முன் கண்டதில்லை. பொஸ்டன் சனமும் மாமாவும் நேர் எதிரான காரணங்களுக்காக ஒரே பெட்டியில் புள்ளடி போட்டார்கள். இரண்டு பேருக்கும் கேட்டது கிடைக்கவில்லை.

இதில் உண்மையாக அடிபட்டது ஈஸ்ட் ஹாம் மாமி. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு பாரிஸில் இருந்து லண்டன் வந்து, வருடக்கணக்காக இங்கே வரி கட்டியவருக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. ஐரோப்பியப் பிரஜைகளில் அயர்லாந்து, மோல்டா, சைப்ரஸ் ஆட்களுக்கு மட்டும்தான் இருந்தது. அவருடைய வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த சென்னை மாணவனுக்கு, கொமன்வெல்த் நாட்டுப் பிரஜை என்பதால், வாக்கு அட்டை வந்தது. மாமி அந்த அட்டையைக் கதவடியில் இருந்து எடுத்து அவனுடைய கதவில் செருகினார். பிறகு, தான் இங்கேயே இருக்கலாம் என்பதை நிரூபிக்க 2021 ஜூன் 30-க்குள் மாமி விண்ணப்பம் போட வேண்டி வந்தது. அந்த மாமி ஞாயிறு தவறாமல் மாமாவுக்குப் ஃபோன் எடுக்கிறார். சண்டையும் பிடிக்கிறார்கள். மாமிக்காகத்தான் கோபப்படுகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். மாமியே கதைக்கும்போது நீ ஏன் கதைக்காமல் இருக்கிறாய்?

உன் மெசேஜில் இருந்த கணக்குகளுக்கு வருகிறேன். வெளியேறியதால் நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 வீதம் குறையும் என்று அரசாங்கத்தின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகமே சொல்வது உண்மை. ஆனால் பார், 2016-இல் அப்போதைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் இதே மாதிரிக் கணக்கோடுதான் வந்தார். 2030-இல் குடும்பம் ஒன்றுக்கு வருடம் 4,300 பவுண் நட்டம் வரும் என்றார். தோட்டத்தில் மணித்தியாலக் கூலிக்கு நிற்கிறவருக்கு அந்த எண் என்ன சொல்லும்? எதிர்ப்பக்கம், ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண் அனுப்புகிறோம், அதை ஆஸ்பத்திரிச் சேவைக்குக் கொடுப்போம் என்று பஸ்ஸில் எழுதி ஓடவிட்டார்கள். அது தவறாக வழிநடத்துகிற எண் என்று நாட்டின் புள்ளிவிபர ஆணையமே சொன்னது. ஆனாலும் அது ஆஸ்பத்திரியைப் பற்றிக் கதைத்தது. எங்கள் பக்கம் வங்கிகளைப் பற்றிக் கதைத்தது. ஊர் மாறுகிற வேகத்தைப் பற்றிக் கேட்ட சனத்துக்கு எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு பதிலும் வரவில்லை. இப்போதும் வரவில்லை. திரும்பச் சேர்ந்தால் ஆட்கள் சுதந்திரமாக வந்துபோவதும் திரும்ப வரும். உன்னுடைய ஊர்வலத்தின் பதாகைகளில் அது எழுதியிருக்குமா? எழுதாமல் மறைத்தால் பஸ்ஸில் எழுதியவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

உண்மையில் நீ எதைப் பற்றிக் கத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதைச் சொல்கிறேன். விடிய முதல் கடை திறக்கும்போது மினிபஸ் வந்து நிற்கும். முந்தி அதில் லித்துவேனியர்களும் போலந்து ஆட்களும் போவார்கள். கறுப்பு ரை பாணும் புகையூட்டிய மீனும் அவர்களுக்காகத்தான் நான் வைக்கத் தொடங்கினேன். இப்போது வருகிறவர்கள் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் பிள்ளைகள். முட்டைக்கோஸ் வெட்டுகிற விதம் அதேதான்: டிராக்டர் மெல்ல ஊரும், பின்னால் வரிசையாகக் குனிந்து நடந்து, கத்தியால் அடியை அறுத்து, வெளி இலையைத் தட்டிவிட்டு, தட்டில் போட வேண்டும். மழையிலும் அப்படித்தான். பருவகால விசா, கூடியது ஆறு மாதம். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. எத்தனை வருடம் வந்து போனாலும் இங்கே குடியிருக்கிற உரிமை வராது. பலர் கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்து வருகிறார்கள். அந்த லித்துவேனியப் பெண் வீடு எடுத்தார், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளை இப்போது லிங்கனில் நேர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். பேப்பர் வாங்குகிற அம்மாவுக்கும் அவர்களுக்கும் பழக்கம் வந்ததே பக்கத்து வீட்டில் நிலையாக இருந்ததால்தான். ஆறு மாதத்தில் போகிற பொடியனோடு யார் பழகுவார்கள்? அவனுடைய பெயரை நான் படிப்பதற்குள் அவன் போய்விடுகிறான். இந்த நாட்டுக்கு அவனுடைய கை வேண்டும், அவன் வேண்டாம். நானும் ஒரு காலத்தில் விசாக் கடிதத்துக்குக் காத்திருந்தவன், எனக்கு இதைப் பார்க்க நெஞ்சு எரிகிறது. எங்கள் பக்கம் தோற்றதில் நாங்கள் இழந்த பெரிய விஷயம் இதுதான் என்பேன், 4 வீதத்தைவிடப் பெரியது.

இன்னொன்று. இந்த நாட்டின் அரசியலை "பைத்தியக்கார விடுதி" என்று எழுதியிருக்கிறாய். பிரதமராக இருந்த தெரேசா மே 2019 ஜனவரியில் தன் வெளியேறும் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்து 432-க்கு 202 என்று தோற்றார், அப்படியொரு தோல்வியை நவீன காலத்தில் எந்த அரசாங்கமும் கண்டதில்லை. அவருக்குப் பிறகு பிரதமராக வந்த பொரிஸ் ஜோன்சன் பாராளுமன்ற அமர்வையே இடைநிறுத்திப் பூட்டினார். செப்டெம்பர் 24-ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்றார்கள். அடுத்த நாளே சபை கூடியது. அதற்கு முந்திய டிசம்பரில்தான் கொழும்பிலும் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த இரண்டு தீர்ப்புகளையும் கடையில் ரேடியோவில் கேட்டபோது எனக்கிருந்த நிம்மதி உனக்கு விளங்காது, விளங்கத் தேவையில்லாத நாட்டில் நீ வளர்ந்தாய், சந்தோஷம். இவ்வளவு பெரிய பிரிவினையை இவர்கள் வாக்குப் பெட்டியிலும் நீதிமன்றத்திலும் தெருவில் பதாகையோடும் நடத்தினார்கள். கருத்துக் கணிப்புகளில் இப்போது பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியேறியது பிழை என்கிறார்கள். அப்படியென்றால் மனம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். திட்டு வாங்கி ஒருவரும் மனம் மாறுவதில்லை. அந்தப் பேப்பர் அம்மா இப்போது, குடிவரவைக் குறைக்கச் சொல்கிற ரிஃபோர்ம் கட்சிக்குப் போடுகிறார். 2024-இல் இந்தத் தொகுதியில் வென்றதும் அவர்கள்தான். அவரிடம் போய் இருந்து கதைக்க எங்கள் பக்கத்தில் இருந்து ஒருத்தரும் வரவில்லை, அவர்கள் வந்தார்கள்.

ஆகவே ஊர்வலத்துக்குப் போ, ஆனால் அதற்கு அடுத்த கிழமை இங்கே வந்து கடையில் என்னோடு நில். அந்த அம்மாவிடம் நீயே கேள். மினிபஸ் பிள்ளைகளிடமும் கேள், ஒருத்தனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். கேட்டதை வைத்து எழுது, உனக்கு எழுத வரும்.

மாமாவின் பிறந்தநாள் மண்டபத்தில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு. மாமியும் அங்கே வருகிறார், ஈஸ்ட் ஹாமில் இருந்து காரில்தான் வருகிறார்கள், உன்னை வழியில் ஏற்றலாம் என்றார். வருகிறாயா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் மாமாவுக்கே ஃபோன் எடுத்துச் சொல், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா