வாங்கி நான் யாருக்குக் கொடுப்பேன்?

இந்திய ரிசர்வ் வங்கியில் டிஜிட்டல் ரூபாய்ப் பணியில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போன வாரம் இ-ரூபாயைப் பற்றிச் சொன்னேன். ரிசர்வ் வங்கியே வெளியிடுகிற பணம், நோட்டு மாதிரியேதான், ஆனால் போனுக்குள் இருக்கும் என்றேன். பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டவர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "சரி தம்பி, அதை வாங்கி நான் யாருக்குக் கொடுப்பேன்? மொத்தக் கடைக்காரர் வாங்குவாரா?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் டிஜிகேஷ் மூழ்கியது. கணினியிலேயே வைத்துச் செலவழிக்கும் காசை உருவாக்கியவர் டேவிட் சாம்; அதற்காக 1989இல் அவர் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய நிறுவனம் அது. நல்ல காசுதானா என்று வங்கி சரிபார்த்துவிடும். யார் செலவழித்தது என்று மட்டும் அதற்குத் தெரியாது. அவ்வளவு அழகான கணக்கு! 1995இல் செயின்ட் லூயிஸ் நகரின் மார்க் ட்வைன் வங்கி அதை டாலரில் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் வாடிக்கையாளர் பட்ட பாட்டைப் பாருங்கள். முதலில் அந்த வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும். அங்கிருந்து பணத்தை 'மின்ட்' என்ற டிஜிட்டல் காசுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அப்புறம் தனி மென்பொருளை வைத்துச் சொந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால், வாங்கிக்கொள்ளும் கடைகள் சில நூறுதான். அவர் சட்டைப்பையிலோ கிரெடிட் கார்டு இருந்தது. எண்ணைத் தட்டினால் வேலை முடிந்தது. கார்டை யாராவது திருடிச் செலவழித்தாலும் 50 டாலருக்கு மேல் அவர் பொறுப்பில்லை என்று அமெரிக்கச் சட்டமே சொன்னது. ஆட்கள் இல்லை என்று கடைகள் வரவில்லை, கடைகள் இல்லை என்று ஆட்கள் வரவில்லை. 1998இல் நிறுவனம் திவாலானது.

கடைகளைச் சேர்த்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் 1995 ஜூலையில் பணத்தை ஏற்றிவைத்துச் செலவழிக்கும் மாண்டெக்ஸ் அட்டை வந்தபோது பத்திரிகைக் கடை முதல் பார்க்கிங் வரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்படியும் ஊர் அதைப் பழகிக்கொள்ளவில்லை. சட்டைப்பைச் சில்லறையால் அங்கே யாருக்கும் பெரிய கஷ்டம் இருக்கவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இணையத்தில் செலவழிக்க வந்த ஃப்ளூஸ், பீன்ஸ் என்ற தனியார் காசுகள் இரண்டும் 2001 ஆகஸ்ட்டில் கடையைக் கட்டின. ஃப்ளூஸ் வைத்திருந்தவர்கள் கையில் செல்லாக்காசுதான் மிஞ்சியது. அந்தப் பயம் உங்கள் பணத்துக்கு இல்லை. வாங்கிக்கொள்ளக் கடை இல்லை, இருப்பதே போதும் என்கிற மற்ற இரண்டு சிக்கலும் இருக்கின்றன. 2022 டிசம்பரில் நீங்கள் பொதுமக்களுக்கான சோதனையைத் தொடங்கியபோது யுபிஐ வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டி 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று கத்துகிறது. அவருக்கு அது போதும்.

யுபிஐ எட்டாத இடத்துக்கு முதலில் போங்கள். டவர் கிடைக்காத மலைக் கிராமத்துக்குப் போங்கள். சிறு தொகைக்கு ரொக்கம் போன்ற அந்தரங்கம் இருக்கும் என்று உங்கள் கருத்துக் குறிப்பிலேயே எழுதினீர்கள். அதைச் சட்டமாக்கக் கேளுங்கள். ஆளாளுக்குத் தனியாக வாலட் கொடுப்பதைவிட, கோயம்பேட்டில் ஒரு மொத்தக் கடை, அங்கே சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைகள், மூட்டை இறக்குபவர்கள் என்று ஒரு வட்டத்தையே சேர்த்துப் பாருங்கள். வங்கிக்குத் திரும்பாமல் பணம் நாலு கை மாறட்டும். அண்ணாச்சியிடம் நான் ஒரு பெயரையாவது சொல்ல வேண்டும்.