போர்ஷியாவாக நடிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் போர்ஷியா வேடம் உனக்கு என்றதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதன் ஷைலாக்கைச் சிரிப்பு வில்லனாகக் காட்டப் போவதாக உங்கள் இயக்குநர் சொன்னார் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

கடன் கேட்கும் காட்சியை இன்னொரு தரம் படி. 3000 டுகாட் பொற்காசு வேண்டும் என்று வணிகன் ஆன்டோனியோ வந்து நிற்கிறான். ஷைலாக் பழைய கணக்கை எடுக்கிறான்: ரியால்டோ சந்தையில் என்னை நாய் என்றாய், என் அங்கியில் துப்பினாய், இப்போது என்னிடமே பணமா? கடன் வாங்க வந்தவன் பேச்சுக்காவது சமாதானம் சொல்வான் இல்லையா? இவனோ, இனிமேலும் அப்படித்தான் கூப்பிடுவேன், துப்புவேன் என்கிறான்! நாடகத்தில் எல்லாரும் நல்லவன் என்று கொண்டாடும் ஆள் இவன். வட்டியில்லாமல் கடன் கொடுத்து இவன் ஊர் வட்டியையே இறக்கிவிடுகிறான் என்ற தொழில் பகையும் இருக்கிறது. ஆனால் வட்டிப் பகைக்காக மட்டும் ஒருவன் இன்னொருவன் மேல் துப்ப மாட்டான்.

வெனிஸ் யூதர்கள் 1516 முதல் கெட்டோ என்ற தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும். ராத்திரியானால் வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிடுவார்கள். ஷேக்ஸ்பியரின் இங்கிலாந்திலோ 1290-லேயே யூதர்களை நாட்டைவிட்டு விரட்டியாயிற்று. அரசியின் மருத்துவராக இருந்த, யூத வம்சத்தில் பிறந்த ரோட்ரிகோ லோப்பஸை, அரசிக்கு விஷம் வைக்கப் பார்த்தார் என்று 1594-இல் தூக்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு சில வருஷத்திலேயே இந்த நாடகம். பார்க்க வந்த கூட்டம் எந்த மனநிலையில் உட்கார்ந்திருக்கும், யோசித்துப் பார்.

அதற்காக ஷைலாக்கைத் தியாகியாக்கவும் வேண்டாம். கடனைத் தவணைக்குள் திருப்பாவிட்டால் ஆன்டோனியோவின் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை என்று பத்திரம் எழுதி வாங்கியவன். இரண்டு மடங்கு பணம் தருகிறோம் என்றாலும், அந்தச் சதைதான் வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே செருப்பின் அடியில் கத்தி தீட்டுகிறவன் அவன். ‘யூதனுக்குக் கண் இல்லையா?’ என்று எல்லாரும் மேற்கோள் காட்டும் பேச்சுகூடக் கடைசியில் பழிக்குத்தான் போய்ச் சேருகிறது: நீங்கள் கற்றுக் கொடுத்த கொடுமையைத்தான் செய்து காட்டப் போகிறேன் என்கிறான். ஆனால் வீட்டைவிட்டு ஓடிப்போன மகள், அவன் மனைவி லேயா அவனுக்குக் கொடுத்த மோதிரத்தைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கினாள் என்று அவன் கேள்விப்படும் இடம் இருக்கிறதே, எத்தனை தரம் படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதற்குப் போய் உங்கள் மேடையில் சிரிப்பு வரவழைக்கப் போகிறார்களா?

ஆண் வக்கீல் வேடத்தில் நீதிமன்றத்துக்கு வரும் போர்ஷியாவாக, கருணையைப் பற்றிய நீளப் பேச்சை நீ நன்றாகவே பேசிவிடுவாய். எனக்குக் கவலை அதற்கு அப்புறம் வருவதில். வழக்கு தோற்று நிற்கும் ஷைலாக் கிறிஸ்தவனாக மாற வேண்டும் என்று ஆன்டோனியோ நிபந்தனை போடுகிறான். அதையும் கருணைக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். உடனே நீ கேட்க வேண்டும், ‘யூதனே, திருப்திதானா?’ என்று. திருப்தி என்கிறான் அவன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்த ஒரு வரியை எந்தக் குரலில் கேட்கப் போகிறாய்? ஜெயித்த வக்கீலாகவா, செய்தது உறுத்துகிற பெண்ணாகவா? உங்கள் இயக்குநர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா