கியர் ஆயில் தவறான ஆலோசனை: மறுபுகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: உங்கள் உதவி மையம் சொன்ன ஆயிலை ஊற்றி கியர் பாக்ஸ் பழுதானது

ஐயா,

என் முதல் புகாருக்கு உங்கள் பதில் கிடைத்தது. "ஓட்டுநர் கிளட்சைச் சரியாக மிதிக்காததே காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த லாரியை ஆறு வருடமாக ஓட்டுவது அதே ஓட்டுநர்தான். உங்கள் ஆயிலை மாற்றும்வரை கியர் ஒருநாளும் கத்தியதில்லை.

வண்டியின் கையேடு கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் (பற்களைக் காக்கும் திறனின் வகை) 80டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) ஊற்றச் சொல்கிறது. உங்கள் 20 லிட்டர் வாளியின் முகப்பில் "கனரக வாகன கியர் ஆயில், 80டபிள்யூ-90" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தரம் எங்கே என்று தேடினால், பின்பக்கம் அடிவிளிம்பை ஒட்டி, பொடி எழுத்தில் ஜிஎல்-5. சந்தேகப்பட்டுத்தான் உதவி மையத்துக்கு போன் போட்டேன். "4-ஐவிட 5 உசத்தி சார், கிரவுனுக்கும் கியர் பாக்ஸுக்கும் இதையே ஊத்தலாம்" என்றார் உங்கள் ஊழியர்.

இது என்ன பரீட்சை மார்க்கா? ஜிஎல்-5 கிரவுனில், அதாவது பின் அச்சின் பல்பெட்டியில், இருக்கும் ஹைப்பாய்டு பற்களுக்கானது. அங்கே பல்லின்மேல் பல் பெரும் அழுத்தத்தோடு வழுக்கிக்கொண்டே உருளும். அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த கலவையை ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். எஃகுப் பல்லுக்கு அது காவல். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் எங்கள் கியர் பாக்ஸின் சிங்க்ரோ ரிங்கோ பித்தளை. வீரியமான கந்தகம் அதை அரிக்கும். அதோடு, ரிங் கியரின் கூம்பு முகப்பை (கோன்) கவ்வி உரசி வேகத்தைச் சமன் செய்தால்தான் கியர் விழும். வழுக்கல் கூடிய ஆயிலில் அந்தக் கவ்வல் கிடைக்காது.

நடந்ததும் அதுதான். 2-லிருந்து 3-க்கு மாற்றும்போது முதலில் லேசாக உரசியது, பிறகு கியர் விழவே அடம்பிடித்தது. வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தால் பொன்தூளைக் கரைத்ததுபோல மினுமினுத்தது. ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் வழக்கமான கருஞ்சேறு மட்டுமே. பித்தளை காந்தத்தில் ஒட்டாதே! கழற்றிய ரிங்குகள் கறுத்து, உள்பக்க வரிகள் மழுங்கியிருந்தன.

கிளட்ச் முழுதாக விலகாவிட்டால், சிங்க்ரோ இல்லாத ரிவர்ஸ்தான் முதலில் கத்தும். எங்கள் வண்டியில் ரிவர்ஸ் கடைசிவரை சத்தமில்லாமல் விழுந்தது. பதில் எழுதியவர் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டிருக்கலாம்.

ஜிஎல்-5 எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பித்தளையைப் பாதிக்காதபடி தயாரித்து, இரண்டு தரத்தையும் சேர்த்தே அச்சிடும் ஆயில்களும் உண்டு. சிங்க்ரோ இல்லாத கனரக கியர் பாக்ஸுக்கு எம்டி-1 என்று தனித் தரமே இருக்கிறது. உங்கள் வாளியில் ஜிஎல்-5 தவிர வேறொன்றும் இல்லை.

வடித்த ஆயிலில் ஒரு பாட்டிலும் ஊற்றாத ஆயிலில் ஒரு பாட்டிலும் எடுத்து வைத்திருக்கிறேன். மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் ஊறவைத்து நிறம் பார்க்கும் சோதனையைச் செய்து அறிக்கையை எழுத்தில் தாருங்கள். அன்றைய போன் உரையாடல் பதிவையும் கேளுங்கள். ரிங்குகளுக்கும் கூலிக்கும் ஆன செலவை நீங்கள் ஈடுகட்ட வேண்டும்; ரசீதுகளை இணைத்துள்ளேன். இனி வரும் வாளிகளில் ஜிஎல்-5 என்பதை முகப்பிலேயே, 80டபிள்யூ-90 அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள்.

மிச்ச ஆயிலைக் கிரவுனில்தான் ஊற்றியிருக்கிறேன். அங்கே ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்