சனிக்கிழமை சீகல் எஞ்சின் ஓடும், வாங்கோ

குழு உறவுகளுக்கு வணக்கம். வருகிற சனி காலை 8 மணிக்கு, உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில், படகின் பின்னால் பூட்டுகிற பழைய பிரிட்டிஷ் சீகல் எஞ்சினைத் தண்ணீர் பீப்பாயில் வைத்து இயக்கப் போகிறோம்.

பழைய இரும்போடு நிறுத்துப் போக இருந்ததை நானும் இவரும் கேட்டு வாங்கியது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, பின்னேரம் தோறும் மரக்கட்டையால் மெல்லத் தட்டினோம். 19ஆம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. அன்று இரவு இருவருக்கும் நித்திரையே இல்லை. பித்தளை டாங்கியை நான் பழப்புளி போட்டுத் தேய்த்தேன், இப்போது குத்துவிளக்குப் போல இருக்கிறது.

இதற்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஒயில். இப்போதைய எஞ்சின்களுக்குக் கலக்கிற 50க்கு 1 போதாது, உள்ளே சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ்கள் தேய்ந்துவிடும். அதனால் புகை கூடத்தான் வரும். மேலே சுழலும் சக்கரமான பிளைவீலுக்கு மூடி இல்லை, கயிறு சுற்றி இழுக்க வேண்டும். பிள்ளைகளைத் தள்ளி நிற்பாட்டுங்கோ.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மீன்வாடியிலோ வீட்டுக் கோடியிலோ பழைய சீகல், ஜோன்சன், எவின்ரூட் படகு எஞ்சின் கிடந்தால் இரும்புக்குப் போடாதீர்கள், முதலில் எங்களிடம் சொல்லுங்கோ. எவின்ரூட் 1909இலேயே விற்பனைக்கு வந்த எஞ்சின். உடலில் வெட்டியிருக்கும் இலக்கத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிடாதீர்கள், சீகலின் வயதை அதை வைத்துத்தான் கணிக்கிறோம்.

வருகிறவர்கள் வெள்ளிக்கு முன் சொன்னால் தேத்தண்ணிக்கு வசதி.