பதற்றமான சூழல்: எதனால், யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது நம் நாளிதழ்களில் படிந்துபோய்விட்ட ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். தங்கள் நாளிதழை மட்டும் குறை கூறும் நோக்கம் எனக்கு இல்லை. எந்தத் தமிழ் நாளிதழைப் பிரித்தாலும் இதைக் காணலாம். இறுக்கம், சிக்கல், ஆபத்து, மனக்கலக்கம், கசப்பு என எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இப்போது தாராளமாகப் புழங்கும் அடைமொழி ஒன்று இருக்கிறது. அதைத் தமிழ் எழுத்தில் ‘ஃப்ராட்’ என்றுதான் எழுத முடியும். எழுதினால் படிப்பவர் மோசடி என்றே எடுத்துக்கொள்வார். நான் குறிப்பிடுவது எஃப், ஆர், ஏ, யு, ஜி, ஹெச், டி என்னும் ஏழு எழுத்துகளால் ஆன சொல்லை. கடன் வாங்கக்கூட வழியில்லாத அந்தச் சொல், ‘பதற்றமான’ என்ற வேடத்தில் நம் செய்திப் பத்திகளுக்குள் நாள்தோறும் நுழைந்துகொண்டிருக்கிறது. பதற்றமான உறவு, பதற்றமான கூட்டம், பதற்றமான பேச்சுவார்த்தை என்று தொடங்கி, பதற்றமான வரலாறு என்பது வரைக்கும் வந்துவிட்டோம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தொடக்கத்தில் பதற்றத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. சரக்கைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. சரக்குக் கட்டணத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் ‘ஃப்ரெயிட்’ அதன் உடன்பிறப்பு. கப்பலில் பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் முதற்பொருள். ஏற்றிய சரக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் மூத்த மகள் தன் தந்தையிடம், உங்களுக்குள் நிறைந்திருக்கும் நல்லறிவைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. (அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது வேறு கதை.) விவரம் அறிந்த ஒருவரைப் பற்றி ‘அவரிடம் சரக்கு இருக்கிறது’ என்று நாம் பேச்சில் சொல்வதற்கு அது ஏறக்குறைய ஒத்துவரும். காலப்போக்கில் நல்ல சரக்கெல்லாம் இறங்கிப்போய், ஆபத்தும் சிக்கலும் மட்டுமே அந்தச் சொல்லில் ஏற்றப்பட்டன. அப்போதும், எது நிறைந்தது என்பதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் வாக்கியத்தை முடிக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கடந்த நூற்றாண்டில்தான் அந்த இணைப்பும் கழன்று, தனித்து நிற்கும் அடைமொழியாக அது பரவலாயிற்று. நீண்ட வழக்கின் நினைவு உள்ளவர்கள், விடுபட்ட சரக்கு இன்னதென்று இடம் பார்த்து ஊகித்துக்கொள்கிறார்கள். அந்த நினைவு இல்லாத நாம், கழன்றுபோன பிறகு எஞ்சிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் கைவிட்ட அந்தக் கட்டுப்பாடு தமிழில் இன்னும் இருக்கிறது. ‘நிறைந்த’, ‘மிகுந்த’, ‘சூழ்ந்த’ என்று எழுதினால் முன்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே தீர வேண்டும். ‘நிறைந்த பயணம்’ என்று எவரும் எழுதமாட்டார்கள்; ஆபத்து நிறைந்த பயணம், இடர் மிகுந்த பணி, சர்ச்சை சூழ்ந்த நியமனம் என்றுதான் எழுத வரும். எழுதுகிறவர் ஒரு நொடி நின்று, எது நிறைந்தது என்று யோசித்தாக வேண்டிய கட்டாயத்தை நம் வாக்கிய அமைப்பே ஏற்படுத்துகிறது. ‘பதற்றமான’ என்று போட்டுவிட்டால் அந்த யோசனைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

எடுத்துக்காட்டுக்கு நானே ஒரு வாக்கியம் அமைக்கிறேன்: ‘பதற்றமான சூழலில் இரு தரப்புப் பேச்சுவார்த்தை தொடங்கியது.’ படித்தவருக்கு என்ன தெரிந்தது? எதிரெதிரே அமர்ந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அங்கே நிலவியது இறுக்கம். முந்தைய சுற்றில் வீசிக்கொண்ட குற்றச்சாட்டுகள் இன்னும் ஆறவில்லை என்றால் அது கசப்பு. இந்தச் சுற்றும் முறிந்தால் மறுநாளே வேலைநிறுத்தம் என்றால் அது நெருக்கடி. எந்தப் பக்கமும் ஓரடி நகரவில்லை என்றால் இழுபறி. அனுபவம் இல்லாத ஒருவர் முதன்முறையாகத் தலைமை தாங்கி வந்து, கையில் இருந்த தாள்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார் என்றால் அது படபடப்பு. வாசலில் துப்பாக்கியோடு காவலர் நின்றார்கள் என்றால் அதற்குக் கெடுபிடி என்று பெயர். இந்த ஆறும் ஒன்றல்ல. ஒன்றைச் சொன்னால் மற்றதை ஊகிக்கவும் முடியாது. நிருபர் அந்த அறையைப் பார்த்தவராக இருந்தால், இவற்றுள் எது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை எழுத ஒரு சொல் போதும்.

இருவருக்கிடையே, அல்லது இரு நாடுகளுக்கிடையே, உறவு கெடுவதைச் சொல்லத் தமிழில் படிப்படியாகச் சொற்கள் இருக்கின்றன. வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நடப்பது புகைச்சல். கூட்டணிக் கட்சிகளைப் பற்றி எழுதும் அரசியல் நிருபர்கள் இந்தச் சொல்லைத் துல்லியமாகவே கையாளுகிறார்கள். நேருக்கு நேர் ஒரு விஷயத்தில் மோதிக்கொண்டு, ஆனால் உறவு முறியாமல் இருப்பது உரசல். அது பலமுறை நடந்து ஒட்டாத நிலைக்குப் போனால் விரிசல். பேச்சே நின்றுபோனால் முறிவு. முறிந்து ஆண்டுகள் ஆன பின்னும் மனத்தில் தங்கியிருப்பதுதான் கசப்பு. அதற்குச் சண்டையே தேவையில்லை, நினைவு போதும். உள்ளூர் அரசியலை எழுதும்போது இவ்வளவு நுட்பமாகச் சொல் தேரும் அதே நாளிதழ், வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு வந்ததும் எல்லா நாடுகளுக்கும் இடையே ‘பதற்றம்’ ஒன்றையே நிலவவிடுவது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்ச் செய்தி தமிழிலேயே பிறக்கிறது. வெளிநாட்டுச் செய்தி ராய்ட்டர்ஸ், பி.டி.ஐ. போன்ற முகமைகள் தரும் ஆங்கில வாசகமாக மேசைக்கு வந்து, நேர நெருக்கடியில் பெயர்க்கப்படுகிறது. காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மொழியின் போதாமை இதில் எங்கும் இல்லை.

பதற்றம் என்பது பதறு என்ற வினையிலிருந்து வருகிறது. ஏறு ஏற்றமாவது போல, மாறு மாற்றமாவது போல. (‘பதட்டம்’ பேச்சு வழக்கு, அதையும் நாளிதழ்கள் அச்சிடுகின்றன, அந்தச் சண்டைக்கு நான் இப்போது வரவில்லை.) பதறுவது ஆள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழியிலும், காரியத்தைக் கையில் எடுத்தவரின் அவசரத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆகவே பதற்றம் என்று எழுதும் இடத்தில் பதறுகிறவர் ஒருவர் இருக்க வேண்டும். உறவும் வரலாறும் பதறுவதில்லை. மகனைத் தேடிக் காவல் நிலையத்துக்கு வந்த தாய் பதற்றத்தோடு நின்றார் என்று எழுதுங்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதையே செலவழித்துவிட்டால், அந்தத் தாயைப் பற்றி எழுதும்போது சொல் வெறுமையாகி நிற்கும்.

உணர்ச்சியைச் சொல்லும்போது அது எதிலிருந்து பிறந்தது என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறப்பதற்கான நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. அச்சம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. அழுகைக்கு இளிவு (இகழப்படுதல்), இழவு, அசைவு (முன்னிருந்த நிலை தாழ்தல்), வறுமை. கள்வரை அஞ்சுவதும் அரசனை அஞ்சுவதும் ஒரே அச்சத்தின் கீழ் வந்தாலும் இரண்டும் வெவ்வேறு என்று அந்த நூற்பா கருதியிருக்கிறது. நாளிதழ் மேசையில் இலக்கணம் படிக்கச் சொல்லவில்லை, ‘எதனால்?’ என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல என்பதற்காகக் குறிப்பிட்டேன்.

இந்தப் பழக்கம் வெறும் நடைக் குறையாக நின்றுவிடாமல் செய்தியையே மறைத்துவிடும் இடம் ஒன்று உண்டு. தேர்தல் காலத்தில் ‘பதற்றமான வாக்குச்சாவடிகள்’ என்று மாவட்டவாரியாகப் பட்டியல் வருகிறதே, அதைச் சொல்கிறேன். தேர்தல் ஆணையம் ஆங்கிலத்தில் ‘வல்னரபிள்’ என்றும் ‘கிரிட்டிக்கல்’ என்றும் இரண்டு வகையாகப் பேசுகிறது. முதலாவது, ஒரு பகுதியின் வாக்காளர்கள் மிரட்டலுக்கோ தடைக்கோ ஆளாகக்கூடும் என்ற மதிப்பீடு, பாதிக்கப்படக்கூடியவர்கள் மக்கள். இரண்டாவது, முந்தைய தேர்தலில் நடந்தவற்றை வைத்து அந்தச் சாவடியைத் தனிக் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவருவது. அங்கே வன்முறை நடந்திருக்கலாம், முறைகேட்டால் மறுவாக்குப்பதிவு நடந்திருக்கலாம், வழக்கத்துக்கு மாறாக மிக அதிக வாக்குகள் பதிவாகி அவற்றில் பெரும்பகுதி ஒரே வேட்பாளருக்கு விழுந்திருக்கலாம். தமிழில் இரண்டும் ‘பதற்றமானவை’, சில வேளைகளில் ‘மிகவும் பதற்றமானவை’. தன் தெருவில் உள்ள சாவடி அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்க்கும் வாக்காளர், அன்றைக்கு அங்கே அடிதடி நடக்கப்போகிறது என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். அச்சுறுத்தலைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட வகைப்பாடு, மொழிபெயர்ப்பில் தானே ஓர் அச்சுறுத்தலாகிவிடுகிறது. ‘மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய வாக்காளர்கள் உள்ள பகுதி’ என்றும் ‘தனிக் கண்காணிப்பில் உள்ள சாவடி’ என்றும் எழுதினால் நீளம் கூடும்தான். ஆனால் இது நீளத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய செய்தி.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இரு சமூகத்தினர் மோதிக்கொண்ட ஊரைப் பற்றி எழுதும்போது, காரணத்தையும் பெயர்களையும் விவரித்தால் தீ மேலும் பரவும். அதனால்தான் ‘இரு தரப்பினர்’ என்றும் ‘பதற்றம் நிலவுகிறது, போலீஸார் குவிக்கப்பட்டுள்ளனர்’ என்றும் எழுதும் மரபு உருவானது. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். நாளிதழ்கள் அதைக் கைவிடக் கூடாது. ஆனால் யார் என்பதை மறைப்பதற்கும் என்ன என்பதை மறைப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. கடைகள் மூடியிருக்கின்றனவா, பேருந்து ஓடுகிறதா, பள்ளிகள் திறந்திருக்கின்றனவா, தடை உத்தரவு போடப்பட்டிருக்கிறதா (நாம் இன்னும் 144 என்றே எழுதினாலும், 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆவது பிரிவு) என்பவற்றை எழுதுவதால் எந்தத் தீயும் பரவாது. அந்த ஊரில் உறவினர் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். வெறும் ‘பதற்றம்’ அவர்களுடைய கற்பனைக்கு எல்லையே வைப்பதில்லை. உண்மையிலேயே காரணம் தெரியாதபோது ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிடலாம். வாசகர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

பேச்சில் வழங்கும் ‘டென்ஷன்’ என்ற சொல்லின் மீது எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. ‘டென்ஷன் ஆகாதே’, ‘என்னை டென்ஷன் பண்ணாதே’ என்று சொல்லும்போது யாருக்கு வந்தது, யாரால் வந்தது என்பது வினையிலேயே தெரிந்துவிடுகிறது. எழுத்துக்கு வந்து ‘டென்ஷனான நிலைமை’ ஆகும்போதுதான் ஆளும் காரணமும் காணாமல் போகிறார்கள். மருத்துவப் பக்கத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பது உயர் ரத்த அழுத்தம். அதை மனப்பதற்றம் மிகுதியாவதால் வரும் நோய் என்று புரிந்துகொண்டு, மனம் அமைதியாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தலைப்பில் இடம் போதாது என்று செய்தி மேசையிலிருந்து பதில் வரலாம். பதற்றம் ஐந்தெழுத்து. உரசல், கசப்பு, இழுபறி, சிக்கல், விரிசல் எல்லாம் நான்குதான். இறுக்கம் அதே ஐந்து. இடத்தைக் காரணம் காட்ட வழியில்லை. ஆகவே தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மொழிபெயர்த்த செய்தியில் ‘பதற்றமான’ என்ற சொல் வரும் இடத்தில் துணை ஆசிரியர் ஒரு கோடிட்டு, ‘எதனால்? யாருக்கு?’ என்று செய்தியை எழுதியவரிடம் கேட்கட்டும். விடை வந்தால் அந்த விடையையே அச்சிடலாம். வாக்குச்சாவடிப் பட்டியலுக்கு மட்டும் இது போதாது. அடுத்த முறை மாவட்ட நிர்வாகம் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு சாவடியும் எந்த வகையில், எந்தக் காரணத்தால் சேர்க்கப்பட்டது என்பதையும் கேட்டு வாங்கி, பெயருக்கு எதிரே போடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்